வீட்டுக்கார விருந்தாளி

வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரரிடம் உத்தரவு கேட்பதுதான் ஊர் உலக வழக்கம். எங்கள் கதையில் அது தலைகீழ். கனடாவில் பிரெஞ்சு கதைக்கிற பக்கம், பியர்பொன்ட்ஸில் ஒரு பழைய பங்களாவின் பேஸ்மென்டில் நானும் மனைவியும் குடியிருந்த காலத்தில், மேலே தனியாக இருந்த வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டுவார். அதையும் பூனை சுரண்டுகிற மாதிரித்தான் தட்டுவார். திறந்தால் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்பார்.

"உள்ள வரலாமா? உங்களுக்குக் கரைச்சல் இல்லையே?"

உள்ளே வந்த பிறகும் விட மாட்டார். கதிரையைக் காட்டி, "இதில இருக்கலாமா?" என்பார். இருங்கள் என்று நாங்கள் சொன்னால், விளிம்பில் தொட்டும் தொடாமலும் இருப்பார். பஸ் வருமட்டும் காத்திருக்கிற ஆளைப்போல ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். வீடு அவருடையது, கதிரை அவருடையது, நாங்கள் அவருக்குக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையும் அவருடையதுதான். அட கடவுளே, என்ன பிறவி இது என்று முதல் ஒரு மாதம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

அவர் இங்கிலீசில் சொன்னதை நான் என்னுடைய மட்டக்களப்புத் தமிழில்தான் எழுத முடியும். வேல்ஸ் நாட்டுக் கோட்டை ஒன்றில் பிறந்த மனிசி 'கரைச்சல்' என்று கதைப்பாளா என்று யாரும் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

ஓம், கோட்டைதான். கதைக்காகச் சொல்லவில்லை. அவருடைய தகப்பன் வழியில் பத்துப் பன்னிரண்டு தலைமுறை அந்தக் கோட்டையிலேயே பிறந்து அங்கேயே செத்தவர்கள். சுற்றிவர மலை, ஆறு, காடு, சிலேட்டுக் கல் வெட்டுகிற சுரங்கம், குத்தகைக்காரர்களின் ஆட்டுப் பட்டிகள் என்று எல்லாம் அவர்களுக்கே சொந்தம். கோட்டையின் பெயரை அவர் பலதரம் சொல்லித் தந்தார். தொண்டையைச் செருமி எச்சில் விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம் நடுவில் வரும். அது என் வாயில் கடைசிவரை வரவில்லை.

முதல் தரம் அவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. "எங்கட மட்டக்களப்பிலயும் கோட்டை இருக்கு. ஒல்லாந்தர்ர கோட்டை, வாவிக் கரையில. அதுக்குள்ள அரசாங்கக் கச்சேரி அலுவலகம்தான் நடக்குது. கோட்டைக்குள்ள ஆராவது குடும்பம் நடத்துவாங்களா?" என்று கேட்டேன்.

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "எங்கட ஆக்களும் குடும்பம் நடத்தினதா எனக்கு ஞாபகம் இல்லை. குளிர் காய்ஞ்சுகொண்டு இருந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மேலே அவருடைய வீட்டுக்கு நான் பனி வழிக்கவோ பல்ப் மாற்றவோ போவேன். கணவர் கனடாக்காரர், பாலம் கட்டுகிற இஞ்சினியர். அவர் செத்துப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. அவர் வைத்த இடத்திலேயே சோபா இருந்தது, வெயில் படாத மூலையில். நகர்த்தட்டுமா என்று கேட்டேன். "ஐயோ வேண்டாம், அது அவர் வச்ச இடம்" என்று பதறினார். நாற்பது வருடத்துக்கு மேல் இருந்த வீட்டில் ஒரு ஆணிகூட அந்த அம்மா அடித்ததில்லை. படங்களெல்லாம் தரையில் சுவரோடு சாய்ந்து நிற்கும். அவை கடைசிவரைக்கும் தரையில்தான் இருந்தன. அவருடைய துவாய் குளியலறைக் கொளுவியில் தொங்காது, நாலாக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் இருக்கும். தோட்டத்தில் தன் கையால் நட்ட தக்காளியைப் பறிக்கவும் எங்களிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போவார். ஒரு நாள் என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்கட தக்காளியை உங்கட தோட்டத்தில பிடுங்க எங்களிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க?"

"கேக்காமப் பிடுங்கினா நல்லா இராது" என்றார் அவர், மிகவும் பணிவாக.

என் மனைவி அவருக்குத் துரைசாணி அம்மா என்று பெயர் வைத்தாள். முன்னால் சொன்னதில்லை.

குளிர்காலப் பின்னேரங்களில் அந்த அம்மா கீழே வந்து கதை சொல்வார். ஊர்ச் செய்தி சொல்வதுபோலத்தான் பரம்பரைக் கதையையும் சொல்வார், பெருமை கிடையாது. அவர்களுடைய முதல் ஆள் ஒரு வழக்கறிஞன். ராசா துறவி மடங்களைக் கலைத்த காலத்தில் ஒரு மடத்தையும் காணியையும் சல்லிக்காசுக்கு வாங்கி, மடத்தை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டையைக் கட்டியிருக்கிறான். இதைக் கேட்டு என் மனைவி காதைப் பொத்தினாள். "கோயில் கல்லில வீடு கட்டினா அந்த வீடு உருப்படுமா?" என்றாள். நான் அதை மொழிபெயர்த்தேன்.

"உருப்படல்லத்தான்" என்று அந்த அம்மா தலையாட்டினார். "ஒவ்வொரு மாரிக்கும் ஒழுகும்."

இன்னொரு பாட்டனாருக்குப் படுக்கையறை யன்னலில் இருந்து பார்த்தால் குடியானவர்களின் புகைக்கூடு தெரிந்ததாம். கண்ணுக்கு உறுத்துகிறது என்று முழு ஊரையும் எழுப்பி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தானாம். எங்களுக்கும் ஊர் விட்டு எழும்பின அனுபவம் உண்டு என்பதால், அந்தப் பாட்டனை நான் என் வாய்க்கு வந்தபடி தமிழில் திட்டினேன். அவர் அர்த்தம் கேட்டார். சொன்னேன். "சரியாத்தான் சொல்றீங்க" என்றார்.

ஒரே ஒரு கதையை மட்டும் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார், எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் குடும்பத்தில் வாரிசு பிறந்தால் மலை உச்சியில் சொக்கப்பானை மாதிரி விறகு அடுக்கிக் கொளுத்துவார்களாம், மூன்று பள்ளத்தாக்குக்குத் தெரியுமாம். தாய் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதே ஆட்கள் விறகை ஏற்றி அடுக்கி வைத்துவிட்டார்கள். பிறந்தது இவர். பொம்பிளைப் பிள்ளை. அந்த விறகை மறுபடி கீழே இறக்கிக்கொண்டு வந்து குசினியில் எரித்தார்கள்.

"அந்த மாரி முழுக்கச் சமையலுக்குக் காணும் எண்டு அப்பா சொல்லுவார். நான் பிறந்ததால வீட்டுக்கு ஒரு உபகாரம்" என்றார்.

அவருக்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. சொத்து ஆண் வழிக்குத்தான் போகும் என்பது அந்தப் பரம்பரையின் கட்டு. அவருக்குப் பத்தொன்பது வயதில் தகப்பன் செத்தார். தகப்பனின் ஒன்றுவிட்ட சகோதரனின் மகன் ஒருவன் ஆப்பிரிக்காவில் இருந்து பெண்சாதியோடு வந்து கோட்டையை எடுத்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். இவர் வழக்கம்போலத் தன்னுடைய கதிரையில் போய் இருந்தார். புதிதாக வந்த பெண்சாதி குனிந்து காதோடு சொன்னாளாம், "கண்ணே, அது இப்ப என்ர இடம் எண்டு நினைக்கிறன்."

"கூடாத சனம் இல்லை" என்றார் அந்த அம்மா. "விரும்பின அளவு நாள் தங்கலாம் எண்டு சொன்னாங்க. ஒரு குறையும் வைக்கல்ல."

பிறந்த அறையிலேயே இரண்டு வருடம் விருந்தாளியாக இருந்தார். அதற்குப் பிறகு கனடாக்காரர் ஒருவர் பாலம் பார்க்க வந்தார், இவர் அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்சக் காலத்தில் வரி கட்ட ஏலாமல் அந்த வாரிசுகளும் கோட்டையை ஒரு அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருமுறை கணவரும் இவரும் ஊருக்குப் போனபோது, மற்ற உல்லாசப் பயணிகளோடு வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து உள்ளே போயிருக்கிறார்கள். இவர் பிறந்த அறைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்ததாம். கயிற்றில் சாயவேண்டாம் என்று காவலாளி சொல்லியிருக்கிறான். கணவருக்குக் கோபம் வந்து, இவள் ஆர் எண்டு தெரியுமா என்று தொடங்க, இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பாவம், அந்தக் காவலாளிக்குச் சங்கடமாப் போயிரும்" என்பது அவர் சொன்ன நியாயம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க எங்கட ஊரில பிறந்திருக்க வேணும்!" என்று சத்தம் போட்டேன். எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். குடி தாய் வழி, வீடு மகள் வழி. என் அக்காவுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டை அவளிடம் விட்டுவிட்டு வளவின் மூலையில் சின்ன வீடு கட்டிக்கொண்டு போனார்கள். தங்கச்சிக்கு வேறு வீடு. "அங்க எண்டா கோட்டை முழுக்க உங்களுக்கு. அந்த ஆப்பிரிக்காக்காரன் பொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான்."

அந்த அம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் வேறு ஒருநாளும் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஆம்பிளைப் பிள்ளைகள் எங்க போவாங்க?"

"கட்டின இடத்துக்கு. பெஞ்சாதிர வீட்டுக்கு."

"அவங்களுக்கு அது கவலை இல்லையா?"

"ஒரு கவலையும் இல்லை" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் ஊருக்குப் போய் அக்கா வீட்டில் தங்கினபோது, தண்ணி குடிக்கக் குசினிக்குள் போகலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றதை அவருக்குச் சொல்லவில்லை.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்த அம்மாவின் கணவருடைய தங்கை மகன், டொராண்டோவில் இருந்தவர், அடிக்கடி வரத் தொடங்கினார். தங்கமான மனிசன், அதுதான் கரைச்சலே. பூ வாங்கிக்கொண்டு வருவார், குழாயைத் திருத்துவார், நெருப்புக்கு அலாரம் பூட்டிவிட்டார். மாமி இந்த வயதில் தனியாக இருக்கக் கூடாது, நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்திருக்கிறேன், வீட்டை விற்றுவிடலாம் என்பார். மாமி சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். கணவர் நோட்டரியிடம் எழுதி வைத்ததில் வீடு முழுவதும் இவர் பெயரில்தான். ஒரு சொல் சொன்னால் போதும்.

ஒரு நாள் எங்கள் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு சொன்னார்: "எனக்குப் போக விருப்பம் இல்லை. இஞ்சயே சாகத்தான் விருப்பம்."

"அப்ப ஏலாது எண்டு சொல்லுங்க."

"அதை எப்பிடிச் சொல்றது?" என்றார். கேலி இல்லை. சத்தியமாகவே அவருக்குத் தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

அவர் மேலே போனதும் என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "இஞ்ச பாருங்க, அந்த மனிசி இந்த வீட்டில குடிபூரவே இல்லை. பால் காய்ச்சாம வந்து ஏறின வீடு. மறுகா வீடு எப்பிடி அவவோட ஒட்டும்?"

"வெள்ளைக்காரருக்கு ஏது கா குடிபூரல்?" என்றேன், எங்கள் ஊர்ப் பெண்களைக் கூப்பிடுகிற 'கா' போட்டு.

"அதான் சொல்றன். நாங்க செய்வம்."

நாள் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலமை செய்தோம். தமிழ்க் கடையில் மாவிலை வாங்கி நிறைகுடம் வைத்தாள். அந்த அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போய், பனிச் சப்பாத்தோடு வாசலில் நிறுத்தி, கையில் உப்பும் மஞ்சளும் கொடுத்து, வலது காலை வைத்து உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தார்.

"வரலாமா?"

"கேக்கப்படாது! கேட்டா எல்லாம் பழுதாப் போயிரும்!" என்று மனைவி தமிழிலேயே கத்தினாள். அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தார்.

பால் பானையை அவருடைய மின் அடுப்பில் ஏற்றினோம். பால் பொங்கி வழிய வேண்டும், அதுவும் கிழக்குப் பக்கம் வழிய வேண்டும். ஊரில் மூன்று கல்லு அடுப்பில் வழிந்தால் சாம்பல் குடித்துவிடும். இங்கே சிவந்து கிடந்த சுருளில் வழிந்து கருகி வீடு முழுக்கப் புகை. நாங்கள் மூன்று பேரும் கைகூப்பிக்கொண்டு நிற்க, டொராண்டோக்காரர் பூட்டின அலாரம் உச்சத்தில் கத்தத் தொடங்கியது. அதை நிற்பாட்ட எங்கள் ஒருவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு நிறத் தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

தலைக்கவசம் போட்ட ஆள் வாசலில் நின்று பிரெஞ்சில் கேட்டான், இது யாருடைய வீடு என்று. அந்த அம்மா பழக்கத்தில் கையை நீட்டி என் மனைவியைக் காட்டினார்.

"நொன், நொன்! மெசோன் மதாம்! மெசோன் மதாம்!" இந்த அம்மாவின் வீடு என்று சொல்ல என் மனைவி தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்து அவரை முன்னால் தள்ளினாள். அவன் அவரைப் பார்த்துத் திரும்பக் கேட்டான். அவர் முகம் சிவந்துபோய் நின்றார். புகை, நிறைகுடம், கருகின பால், எங்கள் இரண்டு பேர் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தார்.

"அப்பிடித்தான் போல இருக்கு" என்றார்.

சந்தோசப்படத்தான் நினைத்தோம். ஆனால் அலாரம் அடித்தால் செய்தி போவது டொராண்டோவுக்கு. அன்று பின்னேரமே போன் வந்தது. மாமி அடுப்பில் நெருப்பு வைத்துவிட்டார், இனித் தள்ளிப்போட ஏலாது, அடுத்த சனிக்கிழமை வீடு விற்கிற ஏஜென்டையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். நாங்கள்தான் பால் காய்ச்சினோம் என்று நானே போனை வாங்கிச் சொன்னேன். "நீங்கள் நல்லவர், அவவைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்" என்று நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் மனைவி இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். "நல்லது செய்யப் போய் மனிசியை வீட்டை விட்டுக் கிளப்பப் போறம்" என்று அழுதாள். அந்த வாரம் முழுக்க அந்த அம்மா கீழே வரவில்லை.

சனிக்கிழமை நான் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். வழிக்க ஒன்றும் இருக்கவில்லை, வழித்த பனியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றேன். கார் வந்தது. கையில் பூவோடு டொராண்டோக்காரர் இறங்கினார், பின்னால் நல்ல உடுப்போடு ஏஜென்ட் பெண். "பொன்ஜூர்" என்றாள். அவரிடம் சாவி இருந்தது. எப்போதும்போலத் திறந்தார். கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்து நின்றுவிட்டது. உள்ளே சங்கிலி போட்டிருந்தது.

"மாமி, நான்தான்."

"தெரியுது" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "பூவுக்கு மிச்சம் நன்றி."

"கதவைத் திறவுங்க மாமி. வீட்டைப் பாக்க ஆள் வந்திருக்கு."

நான் மண்வாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லுங்க, சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஏலாது" என்றார். குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. "நான் இஞ்ச இருக்கிறன். என்ர வீட்டில. நீங்க போயிற்று வாங்க."

கதவு சாத்தப்பட்டது. அந்த மனிசன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பாவமாக இருந்தது. பூவை வாசலில் வைத்துவிட்டு ஏஜென்டோடு காரில் ஏறினார்.

நான் படியை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே ஓடி மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "என்ர தாயே" என்று அழுதாள். பிறகு அடுப்பை மூட்டி ஆட்டிறைச்சி சமைத்தாள், அந்த அம்மாவுக்கும் சேர்த்து. உறைப்பைக் குறைத்து.

அப்போதுதான் மேலே காலடிச் சத்தம் கேட்டது. மெல்லிய பலகைத் தளம், எல்லாம் கேட்கும். குசினியில் இருந்து கூடத்துக்கு நடந்தார். கூடத்தில் இருந்து படுக்கையறைக்கு. எங்கள் கட்டிலுக்கு நேர்மேலே அவருடைய கணவரின் வேலை அறை. நாங்கள் குடிவந்த நாளில் இருந்து அங்கே ஒரு சத்தமும் கேட்டதில்லை. அந்தக் கதவும் கிரீச்சிட்டுத் திறந்தது. உள்ளே போய்ச் சுற்றினார். நின்றார். திரும்பவும் குசினி, கூடம், படுக்கையறை.

"வீட்டைப் பாக்கிறா" என்றேன்.

"தனியாவா? நாங்களும் மேல போவமா?" என்று மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் பொறு கா. அவட வீடு. அவ கூப்பிடட்டும்."

சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். படியில் யாரும் இறங்கவில்லை, எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. அவருக்கு உள்ளே வரலாமா என்று கேட்கத் தெரியும். ஏலாது என்று சொல்லவும் அன்றைக்குப் படித்துவிட்டார். உள்ளே வாருங்கள் என்று ஒரு ஆளைக் கூப்பிட அவருக்கு ஒருவரும் பழக்கவில்லை. எண்பது வயது தாண்டி அந்த மனிசிக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட ஒரு ஆள் இல்லை.

இருட்டியும் சத்தம் நிற்கவில்லை. கறி ஆறிவிட்டது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். மேலே அவர் நடந்துகொண்டிருந்தார்.